எரியும் பல்பின் மின்தடையை அளந்தபோது

12 வோல்ட், 21 வாட் என்று அடியில் பொறித்திருந்த வாகன பல்பு ஒன்று கையில் இருந்தது. மின்தடை, மின்னழுத்தம், மின்னோட்டம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டரை ஓம் (மின்தடை) அளவுக்குத் திருப்பி, பல்பின் இரு முனைகளிலும் வைத்தேன், 0.8 ஓம் காட்டியது. அளவுக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் அவை மட்டுமே 0.3 ஓம். அதைக் கழித்தால் பல்புக்கு 0.5 ஓம். ஓம் விதிப்படி மின்னழுத்தமான 12-ஐ மின்தடையான 0.5-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 24 ஆம்பியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் 288 வாட்! பொறித்திருப்பதோ வெறும் 21. இந்த முரண்பாட்டை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பல்பு எரியும்போதே அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நேர்மின்னோட்ட வழங்கி ஒன்றும் மல்டிமீட்டர்கள் இரண்டும் போதுமானவையாக இருந்தன. ஒன்றை மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டராக்கிப் பல்போடு தொடர் இணைப்பில் சேர்த்தேன். ஓர் ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதால் அதன் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகினேன். அந்தத் துளையில் கம்பி இருக்கும்போது மீட்டரை நேராக வழங்கியின் இரு முனைகளுக்கும் இடையில் வைத்துவிடவே கூடாது. அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு என்பதால் அது குறுக்குச்சுற்றாகிவிடும்.

வோல்ட்மீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. வழங்கியின் திரை 12.4 வோல்ட் காட்டிய நேரத்தில், பல்பின் முனைகளில் நேரடியாக அளந்தால் 12.0 வோல்ட்தான் இருந்தது. மீதி 0.4 வோல்ட் இணைப்புக் கம்பிகளிலும் அம்மீட்டரிலும் செலவாகியிருந்தது. அப்போது ஓடிய 1.75 ஆம்பியரால் அதைப் பெருக்கினால் 0.7 வாட். பல்புக்குப் போய்ச் சேராத திறன் அது. எனவே பல்பின் முனைகளிலேயே வோல்ட்மீட்டரை வைத்தேன். பொதுவாக டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், அது இழுக்கும் மின்னோட்டம் 12 வோல்ட்டில் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் வரும். இந்த அளவீட்டில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஒவ்வொரு முறை மின்னழுத்தத்தை மாற்றிய பிறகும் எண்கள் நிலைபெறும்வரை காத்திருந்து, இரு மீட்டர்களையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொண்டேன். 3 வோல்ட்டில் 0.82 ஆம்பியர்: மின்தடை 3.7 ஓம், திறன் 2.5 வாட். 6 வோல்ட்டில் 1.2 ஆம்பியர்: 5 ஓம், 7.2 வாட். 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர்: 6.9 ஓம், சரியாக 21 வாட். பொறித்திருந்த எண் பொய் சொல்லவில்லை. ஓம்மீட்டரும் பொய் சொல்லவில்லை. அது மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, குளிர்ந்த டங்ஸ்டன் இழையை அளந்தது. எரியும் இழையோ 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டியிருக்கும். வெப்பம் ஏற ஏற டங்ஸ்டனின் மின்தடையும் ஏறுகிறது. 0.5 ஓம் எங்கே, 6.9 ஓம் எங்கே! ஏறத்தாழ 14 மடங்கு. இழை பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் உயிரை விடுவதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம்: இழை சூடேறுவதற்கு முன் பாயும் மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

ஒப்பிடுவதற்காக, 5 வாட் தாங்கும் 100 ஓம் மின்தடையம் ஒன்றையும் அதே சுற்றில் வைத்து அளந்தேன். 6 வோல்ட்டில் 60 மில்லி ஆம்பியர், 12 வோல்ட்டில் 120. இங்கே அலகை மாற்றிவிட்டுத்தான் வகுக்க வேண்டும்: 120 மில்லி ஆம்பியர் என்பது 0.12 ஆம்பியர். இரண்டு அளவீடுகளிலும் 100 ஓம்தான் வந்தது. திறன் மட்டும் 0.36 வாட்டிலிருந்து 1.44 வாட்டுக்கு, அதாவது நான்கு மடங்காக உயர்ந்தது. பல்பில் அதே 6-லிருந்து 12-க்குப் போனபோது திறன் மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. இந்த இரு வரிசைகளையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது கிடைத்த தெளிவு, சூத்திரத்தை மனப்பாடம் செய்த காலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. கால் வாட் மின்தடையமாக இருந்தால் அதே 100 ஓமுக்கு 5 வோல்ட்தான் எல்லை என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது.

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியும் பார்த்தேன். பல்புக்கு மறுபடியும் 21 வந்தது. ஆனால் அதைச் சரிபார்ப்பாக நான் ஏற்கவில்லை. அந்த மின்தடையே அதே இரண்டு அளவீடுகளிலிருந்து பிறந்ததுதானே! பல்பின் மேல் பொறித்த எண்ணோடு ஒத்துப்போனதுதான் தனிச் சான்று.

1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்ட கேயார்க் ஓம், அதற்கான சோதனைகளில் நிலையற்ற மின்கலங்களை ஒதுக்கிவிட்டு, வெப்பமின் இரட்டையை (இரு வேறு உலோகங்களை இணைத்து, முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பை) மின்மூலமாகப் பயன்படுத்தினார். அதன் ஒரு முனை கொதிநீரின் வெப்பத்திலும் மறுமுனை பனிக்கட்டியின் குளிரிலும் இருந்தது. நிலையான மின்னழுத்தத்துக்காக அவர் அவ்வளவு பாடுபட்டதன் அருமை, எண்கள் நிலைபெறக் காத்திருந்தபோது எனக்குப் புரிந்தது.

இந்தக் கணக்கு நேர்மின்னோட்டத்துக்கு அப்படியே பொருந்தும். மாறுமின்னோட்டத்தில் ஓடும் மின்விசிறி போன்ற மோட்டார்களுக்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வோல்ட்-ஆம்பியர்தான் கிடைக்கும். வாட் கிடைக்க அதைத் திறன் காரணியாலும் (வோல்ட்-ஆம்பியரில் உண்மையில் வாட்டாகும் பங்கு) பெருக்க வேண்டும்.