ரிசல்ட் எப்ப வரும்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ

நான் சொன்னது சரியான பதில்தான், இன்னைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்னு நினைக்கிறேன், இருந்தும் அது உறுத்திக்கிட்டே இருக்கு. 2025 ஜூன்ல உருகுவேல புன்டா டெல் எஸ்தேங்கிற ஊர்ல கெமிக்கல், கழிவு, மாசு மூணுக்கும் சேர்த்து ஒரு சர்வதேச அறிவியல் குழு அமைச்சாங்க இல்லையா, அந்த நியூஸ் வந்ததுல இருந்து இன்னும் அதிகமாவே உறுத்துது. காலநிலைக்கு 1988லயே ஐபிசிசி வந்துருச்சு, பல்லுயிருக்கு 2012ல வந்துச்சு, கெமிக்கலுக்குன்னு ஒண்ணு வர இவ்வளவு காலம் ஆயிருக்கு. எங்க லேப் குரூப்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா அதைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பொண்ணு முகம்தான் வந்துச்சு.

தாய்ப்பால் சாம்பிள் எடுக்குற வேலை. சீக்கிரம் அழியாத நச்சு கெமிக்கல்களைத் தடுக்க நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் வேலை செய்யுதான்னு பாக்க உலகம் முழுக்க காத்தையும் தாய்ப்பாலையும் ரத்தத்தையும் டெஸ்ட் பண்றாங்க, தாய்ப்பாலுக்குன்னு உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை இருக்கு. முதல் பிரசவமா இருக்கணும், வயசு முப்பதுக்குள்ள, பல வருஷமா அதே பகுதியில இருந்திருக்கணும், குழந்தை பிறந்து மூணுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள எடுக்கணும். அதனால நாங்க ஆறாவது வார தடுப்பூசிக்கு வர்றவங்ககிட்டதான் போய் உக்காருவோம். ஸ்கிரீனுக்குப் பின்னாடி கண்ணாடி பாட்டில்ல கையாலயே பீச்சிக் குடுப்பாங்க, ஊசி போட்ட புள்ளை வெளிய பாட்டி கையில கத்திக்கிட்டு இருக்கும், அந்த சத்தம் கேட்டாலே சிலருக்கு பால் தானா சுரக்கும்.

அந்தப் பொண்ணு மூடியை இறுக்கி மூடி, பாட்டிலை வெளிச்சத்துல ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டுக் குடுத்துச்சு. வாங்கும்போது பாட்டில் வெதுவெதுன்னு இருந்துச்சு. "அக்கா, இதுக்கு ரிசல்ட் எப்ப வரும், போன் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"தனித்தனியா பாக்க மாட்டோம்மா, அம்பது பேரோட பாலை ஒண்ணா கலந்துதான் டெஸ்ட் பண்ணுவோம், உன்னோடதுன்னு தனியா வராது"ன்னு சொன்னேன்.

"அப்போ என் பால்ல ஏதாச்சும் இருந்தா எனக்குத் தெரியாதா?"

"எது இருந்தாலும் தாய்ப்பால்தான்மா புள்ளைக்கு நல்லது, நீ பயப்படாம குடு."

தலையாட்டிட்டுப் போயிருச்சு. அவ்வளவுதான். சண்டை இல்ல, கோபம் இல்ல. ஒப்புதல் படிவத்துலயும் தனி ரிசல்ட் தரமாட்டோம்னு இருக்கு, அதை நானே வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன்.

ஏன் முதல் பிரசவம்னு மட்டும் அவ கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இன்னும் யோசிக்கிறேன். பூச்சிமருந்தான டிடிடி, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல இருந்த பிசிபி, எரிக்கும்போது வர்ற டையாக்ஸின் எல்லாம் கொழுப்புல கரையுற சாமான், நம்ம உடம்புல வருஷக்கணக்கா சேரும், சீக்கிரம் வெளிய போகாது. பால் குடுக்கும்போதுதான் கணிசமா இறங்கும். அப்போ ஒரு பொண்ணு இருபது இருபத்தஞ்சு வருஷமா சேத்து வச்சதுல பெரிய பங்கு முதல் குழந்தைக்குப் போகுது, ரெண்டாவது குழந்தைக்குக் கம்மி. அதனாலதான் நாங்க முதல் பிரசவம் தேடுறோம், அங்கதான் அளவு ஒழுங்காத் தெரியும். இதை தடுப்பூசி போட்டு அழுதுக்கிட்டு இருக்குற புள்ளையோட அம்மாகிட்ட எந்த வாயால சொல்றது?

ஒண்ணாக் கலக்குறதுக்குக் காரணம் இல்லாம இல்ல. டையாக்ஸின் டெஸ்டுக்கு செலவு ஜாஸ்தி, பால் நிறைய வேணும், அதைச் சரியா பண்ற லேபும் கொஞ்சம்தான். அதைவிட முக்கியமா, தனி ஆளுக்கு ஒரு எண்ணைக் குடுத்தா அதை வச்சு அவங்களால எதுவுமே பண்ண முடியாது. மாத்திரை கிடையாது, பத்தியம் கிடையாது. பயந்து பாலை நிறுத்திட்டு பவுடர் பாலுக்குப் போனா, எந்தத் தண்ணியில கலக்குவாங்க? வயித்துப்போக்குல போற உயிரை விட டிடிடி பெரிய ஆபத்தான்னு எங்க சீனியர் மேடம் கேப்பாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இருந்ததே இல்ல. மாசு இருந்தாலும் தாய்ப்பாலோட நன்மைதான் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, நானும் நம்புறேன்.

இந்த எண்கள் முடிவு எடுக்குறவங்ககிட்ட போய் வேலை செய்யவும் செய்யுது. ஸ்வீடன்ல 1972ல இருந்து சேத்து வச்ச தாய்ப்பாலை 90கள்ல எடுத்து டெஸ்ட் பண்ணப்போ டிடிடியும் பிசிபியும் குறைஞ்சுக்கிட்டே வந்தது தெரிஞ்சுது, ஆனா சோபா, கம்ப்யூட்டர்ல எல்லாம் தீப்பிடிக்காம இருக்கப் போடுற பிபிடிஇ மட்டும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடங்கா ஏறியிருந்துச்சு. அதுல இருந்துதான் ஐரோப்பா அதுல சில வகையை 2004ல தடை பண்ணுச்சு, 2009ல ஸ்டாக்ஹோம் பட்டியல்லயும் சேத்தாங்க. யாரோ சில அம்மாமார் குடுத்த பால்தான் அந்த முடிவுக்கு ஆதாரம். இதை நினைக்கும்போது நான் செஞ்ச வேலை மேல மரியாதை வருது.

அப்புறம் கனடா கதை ஞாபகம் வந்து எல்லாத்தையும் குழப்பிடுது. 80கள் கடைசியில எரிக் டெவைலிங்கிற டாக்டர் கியூபெக்ல தாய்ப்பாலை டெஸ்ட் பண்ணார், ஃபேக்டரியே இல்லாத வடக்குல, நுனாவிக்ல இருக்குற இனுயிட்ங்கிற ஆர்க்டிக் பழங்குடிப் பெண்கள் பால் சுத்தமா இருக்கும், அதோட ஒப்பிடலாம்னு எடுத்தா, அங்க பிசிபி தெற்குல இருக்குறவங்களைவிட அஞ்சு மடங்கு கிட்ட இருந்துச்சு. எங்கயோ விட்டது காத்துலயும் கடல்லயும் போய், மீன், சீல், திமிங்கிலம் வழியா அவங்க உடம்புக்கு வந்திருக்கு. இனுயிட் மக்களுக்கு அது தெரிய வந்துச்சு. தெரிஞ்சவங்க சும்மா இருக்கல. 1999ல நைரோபில அந்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை நடந்தப்போ இனுயிட் தலைவி ஷீலா வாட்-க்ளூட்டியே, தாயும் புள்ளையுமா செதுக்கின ஒரு இனுயிட் சிற்பத்தை ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட தலைவர்கிட்ட குடுத்தாங்க, அதுக்கப்புறம் நடந்த பேச்சுவார்த்தைகள்ல அது தலைமை மேஜையிலயே இருந்துச்சு. 2001ல ஒப்பந்தம் வந்தப்போ அதோட முன்னுரையில ஆர்க்டிக் பழங்குடிகளைப் பத்தி தனியா ஒரு வரி இருக்கு.

தெரிஞ்சா பயந்துடுவாங்கன்னுதானே நாங்க சொல்லாம விட்டோம்? அங்க தெரிஞ்சவங்க பேச வந்தாங்க. ஆனா அவங்களுக்கு ஒரு அமைப்பு இருந்துச்சு, சேர்ந்து நிக்க ஒரு சமூகம் இருந்துச்சு. தடுப்பூசி க்யூவுல நிக்கிற ஒத்தைப் பொண்ணுகிட்ட ஒரு எண்ணை மட்டும் குடுத்தா அவ யார்கிட்ட போவா? மாமியார்கிட்ட சொன்னா அன்னைக்கே பால் நின்னுரும். இப்படி நினைச்சா நான் சொன்னது சரி, அப்படி நினைச்சா அவ உடம்பைப் பத்தி அவளுக்குத் தெரியாம இருக்கட்டும்னு முடிவு பண்ண நான் யாரு?

முழு பாலையும் ஒண்ணாக் கலந்துடுறதும் இல்ல. ஒரு ஆளுகிட்ட வாங்குற 50 மில்லியில பாதிதான் கலக்கப் போகும், மீதியைத் தனித்தனியா ஃப்ரீசர்ல வைப்போம். டிடிடி மாதிரி சாதாரண டெஸ்டை அதுல ஆளுக்கு ஆள் பண்ணலாம், முறையே அதுக்கு இடம் குடுக்குது. ஒரு மீட்டிங்ல கேட்டேன், பட்ஜெட் இல்லம்மா, அடுத்த ரவுண்டுல பாக்கலாம்னாங்க. அது போகட்டும், மொத்தமா வந்த எண்ணையாவது அந்த சென்டருக்கே போய், குடுத்தவங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லணும்னு ஒரு லெட்டர் எழுத ஆரம்பிச்சேன். முதல் பாரால எண் என்னன்னு எழுதிட்டேன். அதைக் கேட்டுட்டு அவங்க என்ன பண்ணணும்னு எழுத வேண்டிய ரெண்டாவது பாரா இன்னும் காலியாத்தான் இருக்கு.