குடி நின்ற பிறகு தெரிந்த கடன்

குடியோடு சூதாட்டமும் சேர்ந்து வரும் நோயாளி என்றால் எனக்குக் கூடுதல் கவலை. குடி நின்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். அவருக்கோ அப்போதுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கும். கோவைப் பக்கம் நான் சிகிச்சை பார்த்த ஒருவரை வைத்து இதைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பதை நெருங்கும் வயது. லேத் பட்டறையில் பெயரெடுத்த டர்னர். காலையில் எழுந்ததும் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் மெஷின் முன்னால் நிற்க முடியும் என்ற நிலைக்கு வந்திருந்தார். மனைவி தையல் கம்பெனிக்குப் போகிறவர். "இந்தக் குடிய மட்டும் நிறுத்திக் குடுங்க டாக்டர், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க" என்றார். அந்த 'மத்தது' எவ்வளவு பெரியது என்று அப்போது அந்த அம்மாவுக்கே தெரியாது.

உடலைச் சரிசெய்வதில் சிக்கல் இருக்கவில்லை. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; அதற்கடுத்த நாட்களில் சிலருக்கு மனக்குழப்பம் வந்து இல்லாத ஆட்களோடு பேசுவார்கள். தையமின் என்ற வைட்டமின் ஊசியும், நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசெபாக்சைடு மாத்திரையும் கொடுத்து அந்தக் கட்டத்தைத் தாண்டவைத்தோம். கை நடுக்கம் நின்றது. சாப்பாடு இறங்கியது. ஆனால் தூக்கம் வரவில்லை. எரிந்து விழுந்தார். வார்டில் நடந்துகொண்டே இருந்தார். நர்ஸிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது சாராயம் இல்லை, செல்போன். "அஞ்சு நிமிஷம் குடுங்க சிஸ்டர், ஒரே ஒரு மெசேஜ்" என்று கெஞ்சினாராம்.

குடி விட்டவர் மதுவுக்கு ஏங்குவது எங்களுக்குப் பழக்கமான காட்சி. போனுக்கு இப்படி ஏங்கினால் வேறு கேள்விகள் கேட்க வேண்டும். இதற்கென்றே இரண்டு எளிய கேள்விகள் உண்டு. பந்தயப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு வைத்து ஆடினீர்கள் என்பதை வீட்டில் மறைத்துப் பொய் சொல்லியிருக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வங்கிக் கணக்கு விவரத்தை அவர் சம்மதத்தோடு எடுத்துப் பார்த்தோம். கல்லீரல் பரிசோதனை குடியைப் பற்றிச் சொல்வதுபோல் அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. இரவு பதினொன்றுக்கு மேல் ஐந்நூறு, ஐந்நூறு, ஆயிரம். ஒரு மணிக்கு இரண்டாயிரம். மூன்று மணிக்கு லோன் ஆப்பிலிருந்து வரவு, அடுத்த சில நிமிடத்தில் அதுவும் காலி. எல்லாம் ஆன்லைன் ரம்மி. முதல் குவார்ட்டர் வரைக்கும் நிதானமாக ஆடுவாராம். அதற்கு மேல் 'விட்டதைப் பிடிக்கிற' வெறி வந்துவிடும். விட்டது பெரிதாகப் பெரிதாகக் காலையில் அதை மறக்க ஒரு கட்டிங். இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அவர் சொன்ன விளக்கம். குடி தன்னை அழிக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ரம்மியை அவர் அப்படிப் பார்க்கவில்லை. "கடனை அடைக்க எனக்கு வேற என்ன வழி இருக்குதுங்க? கோர்ட்டே திறமை ஆட்டம்னு சொல்லிருச்சே" என்றார். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தத் தடையிலிருந்து விலக்கியது. சட்டத்தில் அதற்கு என்ன பொருளோ, இவர் மனதில் அது வேறாகப் பதிந்திருந்தது: நமக்கும் திறமை இருக்கிறது, இன்னும் ஒரு நல்ல கை வந்தால் எல்லாம் சரியாகும். குடிப்பவரிடம் 'விட்டுவிடுங்கள்' என்றால் குறைந்தது காது கொடுப்பார். கடனில் இருக்கும் சூதாடியிடம் அதைச் சொல்வது, இருக்கிற ஒரே வழியையும் மூடுவதாக அவருக்குப் படும். அமெரிக்க மனநலக் கையேடு 2013 பதிப்பில் சூதாட்டத்தை மது, போதைப் பொருள் நோய்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது சரியான முடிவு. ஆனால் ஆலோசனை அறையில் இரண்டையும் ஒரே மாதிரி பேச முடியாது.

கடனின் முழுத்தொகையை மனைவியிடம் சொல்லும் நாளைத்தான் நான் மிகவும் பயந்து திட்டமிடுவேன். சூதாட்ட நோயாளிகளிடம் தற்கொலை எண்ணம் அதிகம். குடியும் சேர்ந்தால் அபாயம் இன்னும் கூடும். போதை தெளிந்த மனிதர், மழுப்ப எதுவும் இல்லாமல், அந்தத் தொகையை முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கிறார். அதனால் வார்டில் இருக்கும்போதே, நானும் சமூகப் பணியாளரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் எல்லாக் கடனையும் அவர் கையாலேயே எழுதச் சொன்னோம். லோன் ஆப்புகள், மீட்டர் வட்டிக்காரர், பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம், கூட்டுறவு வங்கியில் வைத்த நகை. அந்த நகை வங்கியில் இருப்பது மனைவிக்கு அன்றுதான் தெரியும். அந்த அம்மா அழவில்லை. "தாலிக்கொடி மட்டும்தான் மிச்சமுங்க" என்றார். முன்னதாகவே இருவரையும் தனித்தனியாகத் தயார்படுத்தியிருந்தோம். கணவரிடம் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டோம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பலர் தயங்குகிறார்கள், அப்படி ஆவதில்லை. மன உளைச்சலில் கூப்பிடக்கூடிய 14416, 104 என்ற இரண்டு உதவி எண்களையும் மனைவியின் போனில் சேமித்துக் கொடுத்தோம்.

மைத்துனர் ஊர்க்காட்டை விற்று மொத்தக் கடனையும் அடைத்துவிடலாம் என்று வந்தார். நல்ல மனிதர். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். ஒரே நாளில் கடன் காணாமல் போனால், விளையாட மறுபடியும் கை பரபரக்கும். கந்துவட்டியை மட்டும் முதலில் முடித்துவிட்டு, மற்றதை அவர் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் கட்டுவது என்று முடிவானது. சம்பளம் மனைவி கணக்குக்கு, ஏடிஎம் கார்டு மனைவியிடம், அவருக்குப் பட்டன் போன். கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டு நால்ட்ரெக்ஸோன் தினமும் 50 மில்லிகிராம் தொடங்கினோம். மது ஏக்கத்துக்கு அது ஏற்கப்பட்ட மருந்து. சூதாட்டத்துக்கென்று ஏற்கப்பட்ட மருந்து ஏதும் இல்லையென்றாலும், சிலருக்கு அந்த ஏக்கத்தையும் இது குறைப்பதாக ஆய்வுகள் உண்டு.

சில மாதம் நன்றாகப் போனது. அப்புறம் மனைவி ஒரு விஷயம் கவனித்தார்: மதியம் மூன்று மணி நெருங்கினால் இவர் நிலைகொள்ளாமல் தவிக்கிறார். மூணு மணி கேரள லாட்டரிக் குலுக்கல் நேரம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இலிருந்தே தடை. ஆனால் அந்தக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே கள்ளத்தனமாக 'மூணு நம்பர்' என்ற சூது நடக்கிறது. டீக்காசை மிச்சம் பிடித்து அதில் வைத்திருக்கிறார். குடிக்கவில்லை என்பதால் அதைத் தப்பாகவே அவர் நினைக்கவில்லை. மனைவி சண்டை போடாமல் நேராக என்னிடம் கூட்டிவந்தார். மறுபடியும் உட்கார்ந்து பேசினோம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்த பிறகு பெரிய நிறுவனங்கள் அவற்றை நிறுத்திக்கொண்டன. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையிலிருந்தபடியே சம்பளத்தைத் தொலைக்கும் வசதி ஒரு மனிதனுக்கு இருக்கவே கூடாது. ஆனால் ஐபிஎல் நேரத்தில் பந்தயம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர் இப்போது குடிப்பதில்லை. மாதம் ஒருமுறை மனைவியோடு வருகிறார். பட்டறையில் புது சிஎன்சி மெஷினை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். போன தடவை வந்தபோது ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கேட்டார். இன்னும் வேண்டாம் என்றார் மனைவி. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கூட்டுறவு வங்கி நகைக்கடன் முடியட்டும், அதற்கப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் நான்கு தவணை பாக்கி.