சாரீரமா, சாதகமா?

பாட்டு வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எங்க பொண்ணுக்கு ஞானம் இருக்கா சார்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி வேறு. சுருதியோடு தன் குரல் சேரவில்லை என்பது அந்தப் பெண்ணின் காதில் விழுகிறதா? விழுந்தால் சாதகம், அதாவது தினப் பயிற்சி, பலன் தரும். விழாதவரை தினம் இரண்டு மணி நேரம் பாடினாலும் பிழைதான் கெட்டிப்படும்.

குரலின் நாதம், எத்தனை ஸ்தாயி (ஒரு ஸா முதல் அடுத்த ஸா வரை) எட்டும், கேட்டதை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார் என்பதிலெல்லாம் பிறப்பின் பங்கு உண்டு. ஆனால் சாரீரம், அதாவது குரல்வளம், சரியில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு வாய்த்தது எளிதில் வளையாத, மூக்கொலி கலந்த குரல். சாதகத்தால் அதை வசப்படுத்தியவர் 1947இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் தேர்ந்துவிடலாம் என்ற கணக்கைப் பலரும் தவறாகவே சொல்கிறார்கள். 1993இல் வெளிவந்த பெர்லின் வயலின் மாணவர் ஆய்வில் அது சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி, எல்லைக்கோடு அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 21 சதவீதத்தைத்தான் பயிற்சியோடு தொடர்புபடுத்த முடிந்தது என்றது. மீதி முழுவதும் பிறவிக் கொடை என்று அதற்கு அர்த்தமில்லை. எப்படிப் பாடினார் என்பதை மணிக்கணக்கு சொல்லாது.

எப்படி என்றால்: சுருதிப்பெட்டியை வைத்து, ஒரே மூச்சில் நீளமாக ஸா. ஐந்து நிமிடம். பிறகு ஸா-பா-ஸா. அதன்பின் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசை (ஸ்வரங்களில் ஏறி இறங்கும் தொடக்கப் பாடம்), ஆதி தாளத்தில். 16 ஸ்வரம், முதல் காலத்தில் (வேகத்தில்) இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), இரண்டாம் காலத்தில் ஒன்று, மூன்றாம் காலத்தில் அரை. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்தால் மூன்றாம் காலத்தில் நொடிக்கு நான்கு ஸ்வரம் விழும். முதல் காலத்தில் இந்த ராகத்தின் 'க'வான அந்தர காந்தாரமும் 'நி'யான காகலி நிஷாதமும் இறங்காமல் நிற்கும்வரை அடுத்த காலத்துக்குப் போக வேண்டாம். வேகத்தில் சுருதிப் பிழை மறைந்துகொள்ளும், அவ்வளவுதான். அவரோகணத்தில், அதாவது இறங்கும்போது, இன்னும் கவனம் வேண்டும். பலருக்கும் அங்கேதான் சறுக்கும்.

கூடவே கீபோர்டு வாசிப்பது பெரிய இடைஞ்சல். குழந்தை சுருதியை விட்டுவிட்டுக் கீபோர்டைப் பிடித்துக்கொள்கிறது. நிறுத்திப் பாருங்கள், பாதி வரிசை ஆட்டம் காணும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டையாகப் பாடும் ஜண்டையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வராவிட்டால் 'ஸஸ' வெறும் 'ஸா' ஆகிவிடும். ஸ்வரப் பெயருக்குப் பதில் 'ஆ' என்று பாடும் அகாரத்தில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் 'ஹ' நுழைந்தால் வேகத்தைக் குறைத்து, மூச்சைச் சீராக விட்டுப் பாட வேண்டும். வாரம் ஒருமுறை போனில் பதிவு செய்து மறுநாள் கேட்பது நல்லது. பாடும்போது தப்பிய பிழை அப்போது மாட்டும்.

13, 14 வயதில் குரல் உடையும் பையன்களை "ஞானம் போயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். தேவையே இல்லை. கட்டையை (ஆதார சுருதியின் உயரத்தை) இறக்கி, மேல் ஸ்தாயியைத் தொடாமல், சில மாதம் தாளமும், கேட்டே பழகும் கேள்வி ஞானமுமாக ஓட்டலாம். குரல் நிலைத்தபின் கட்டையைப் புதிதாகப் பார்த்துக்கொண்டால் போதும்.