ஒரு சீட்டு இல்லாததால்

காவடிக்காகச் சென்னையிலிருந்து வரவழைத்த மஞ்சள் வேட்டியும் வெண்கல மணியும் மூன்று வாரமாகத் துறைமுகத்திலேயே கிடக்கின்றன, ஏதோ ஒரு காகிதம் குறைகிறதாம். இன்றும் எங்கள் மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸ் போய் வெறுங்கையோடு திரும்பினேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சுர்கூஃப் என்ற பழைய பிரெஞ்சு மாலுமியின் ஞாபகம்தான் வந்தது.

1796இல் அந்த ஆளுக்கு வயது 22. எதிரிக் கப்பலைப் பிடிக்கத் தனியார் கப்பலுக்கு அரசு தரும் அனுமதிச் சீட்டை அப்போது இந்தத் தீவின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த மலார்த்திக் தர மறுத்திருந்தார். செஷல்ஸ் போய் ஆமையும் உணவும் ஏற்றி வா, அவ்வளவுதான் உத்தரவு. இவரோ அங்கிருந்து வங்காள விரிகுடாவுக்குப் போய், ஒரு சின்னப் படகில் சுமார் இருபது பேரோடு ட்ரைட்டன் என்ற பெரிய ஆங்கிலேயக் கப்பலையே பிடித்துவிட்டார். அரிசி ஏற்றிய டயானாவும் அகப்பட்டது. அந்த அரிசி யார் வயலில் விளைந்ததோ!

இங்கே கொண்டுவந்தால், சீட்டு எங்கே என்று கேட்டுக் கப்பல் சரக்கு எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது. கொள்ளை செல்லாது, ஆனால் கொள்ளைப் பொருள் மட்டும் அரசுக்குச் செல்லும், நல்ல நியாயம் இல்லையா? சுர்கூஃப் விடவில்லை, பாரிஸ் வரை போய் வழக்காடி 1797இல் தன் பக்கம் தீர்ப்பு வாங்கினார். கப்பலைப் பறிகொடுத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, நாளைக் காலை எட்டு மணிக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். தைப்பூசத்துக்குள் மணி வந்தால் சரி.