பாரிஸில் ஒரு வயர்லெஸ்காரரின் வேலை

எதிரியின் நாட்டில் ரகசிய வேலை என்றதும் பாலத்துக்கு வெடி வைப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூலையில் உருவாகி, லண்டன் பேக்கர் தெருவிலிருந்து இயங்கிய எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்கு அனுப்பிய குழுக்கள் உயிரோடு இருந்தது வயர்லெஸ் ஆபரேட்டரால். அவர் இல்லாவிட்டால் ஆயுதமும் வராது, பணமும் வராது. அத்தனை முக்கியமான அந்த ஆள் நாள் முழுக்கச் செய்தது பெரும்பாலும் குமாஸ்தா வேலை.

கருவிக்கு 'பி2' என்று பெயர். பார்க்கச் சாதாரண சூட்கேஸ், தூக்கினால் சுமார் 15 கிலோ. துணிமணிதான் இருக்கிறது என்று நடித்துக்கொண்டு ரயில் நிலையச் சோதனையைத் தாண்டுவது லேசான காரியமில்லை. உள்ளே அனுப்பி, வாங்கி, மின்பகுதி, உதிரிப் பெட்டி என்று நான்கு பாகங்கள். சக்தி 20 வாட்தான். அது கடல் தாண்டிப் போக 20 மீட்டர் அளவுக்குக் கம்பி கட்ட வேண்டும். அலைவரிசையை நிர்ணயிப்பது இரண்டு முள் வைத்த சின்ன டப்பிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம். பகலுக்கு உயர்ந்த அலைவரிசை, இரவுக்குத் தாழ்ந்தது. அதனால் பல படிகங்கள் தேவை. ஒன்று கீழே விழுந்து உடைந்தால் அந்த அலைவரிசையே போயிற்று.

சங்கேத வேலைதான் கண்ணைக் கெடுக்கும். மனப்பாடமான ஒரு கவிதையிலிருந்து ஐந்து சொற்களை எடுத்து ஒரே வரியாக எழுத வேண்டும். அந்த வரியில் முதலில் வரும் 'ஏ'க்கு 1, அடுத்த 'ஏ'க்கு 2, பிறகு 'பி' என்று அகரவரிசைப்படி எண் போட்டு, அடியில் செய்தியைக் கட்டம் கட்டமாக எழுதி, எண் வரிசையில் பத்தி பத்தியாக எடுக்க வேண்டும். அதையே இன்னொரு முறை. கவிதைச் சொல்லில் ஓர் எழுத்து தப்பினால் எண்கள் நகர்ந்துவிடும், பத்திகள் கலைந்துவிடும், லண்டனில் கிடைப்பது வெறும் குப்பை. 'திரும்ப அனுப்பு' என்று கேட்டால் அந்த ஆளை இன்னொரு முறை ஆபத்தில் நிறுத்துவதாகும். அதனால் சங்கேதப் பிரிவின் லியோ மார்க்ஸும் அங்கிருந்த இளம்பெண்களும் எந்தத் தப்பு நடந்திருக்கும் என்று ஊகித்து ஊகித்து உடைத்துப் பார்த்தார்கள். கவிதைக்குப் பதில் பட்டுத்துணியில் அச்சிட்ட எண்களைக் கொடுக்க வைத்தவரும் மார்க்ஸே. பயன்படுத்திய துண்டைக் கத்தரித்து எரித்துவிடலாம். அடித்துக் கேட்டாலும் சொல்வதற்கு மனதில் ஒன்றும் இராது.

200 எழுத்துச் செய்தி என்றால், ஐந்தைந்து எழுத்தாக 40 தொகுதி. மோர்ஸில் நிமிடத்துக்கு 15 தொகுதி தட்டினால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது அழைப்பும், இரைச்சலும், 'மறுபடி சொல்' என்ற வேண்டுகோளும். 20 நிமிடம் தாண்டினால் அலை வரும் திசையைக் கண்டுபிடிக்கும் ஜெர்மானியரின் வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். அவர்கள் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தியும் பார்ப்பார்கள். எப்போது ஒலி நிற்கிறதோ அந்தப் பகுதியில் ஆள் இருக்கிறார். அதற்காகத்தான் பக்கத்தில் கார் பேட்டரி.

பிடிபட்டவரின் பெயரில் எதிரி செய்தி அனுப்பினால்? அதற்கென்று ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ரகசிய அடையாளக் குறி உண்டு, பெரும்பாலும் குறிப்பிட்ட இடத்தில் வேண்டுமென்றே விடும் எழுத்துப்பிழை. எதிரியிடம் சொல்லிக்கொடுக்க ஒரு போலிக் குறி, மறைத்துவைக்க ஒரு நிஜக் குறி. ஏற்பாடு நல்லதுதான், அதை வாசிக்க ஆள் வேண்டுமே. 1942 மார்ச்சில் ஹேக் நகரில் பிடிபட்ட ஹூபர்ட் லாவர்ஸ் குறியை விட்டுவிட்டே அனுப்பினார். லண்டன் கண்டுகொள்ளவில்லை. நெதர்லாந்துக்கு அடுத்தடுத்து அனுப்பிய ஆட்கள் நேராக ஜெர்மானியர் கையில் போய் இறங்கினார்கள். 1943 கோடையில் பாரிஸில் சிக்கிய கில்பர்ட் நார்மனின் பெயரில் நிஜக் குறியில்லாமல் செய்தி வந்தபோது, 'குறியை மறந்துவிட்டீர், இனிக் கவனமாக இரும்' என்ற பொருளில் பதில் போனது. கேட்டுக்கொண்டிருந்தது எதிரி. என்னைக் கேட்டால், களத்தில் நடந்த எந்தத் தவறையும்விட இந்த அலுவலகத் தவறு கொடியது.

நூர் இனாயத் கானின் கதையிலும் இதே வாடைதான். திப்பு சுல்தான் வழிவந்த அவரும் எஸ்.ஓ.இ.யின் வயர்லெஸ் ஆபரேட்டர்தான்; 1943 ஜூன் 16 இரவு லைசாண்டர் விமானத்தில் பிரான்ஸ் போனார். சில நாட்களில் பாரிஸ் குழு சிதறியது; திரும்பி வரச் சொன்னபோது மறுத்து, இடம் மாறி மாறி அக்டோபர் வரை தட்டினார். அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அது அசட்டை என்பார்கள். உத்தரவில் செய்தி அனுப்புவது என்ற பொருளில் இருந்த 'ஃபைலிங்' என்ற சொல்லை, பத்திரப்படுத்தி வை என்று அவர் எடுத்துக்கொண்டார் என்பது இன்னொரு விளக்கம். எப்படியானாலும் அவர் பிடிபட்டபோது நோட்டும் கருவியும் சேர்ந்தே ஜெர்மானியரிடம் போயின. அவர் பெயரில் அவர்கள் தட்டிய செய்திகளை லண்டன் நம்பியது. 1944 பிப்ரவரிக் கடைசியில் ஷார்த்ர் நகருக்கு அருகே மூன்று பேர் பாராசூட்டில் குதித்தார்கள். கீழே அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் ஜெர்மானியர்கள்.