அத்தையின் மூன்று மஞ்சள் முடிச்சுகள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறிப் பேருந்தில் ஏறி அமர்ந்ததும், அத்தை தன் மடியில் இருந்த துணிப்பையைத் திறந்து உள்ளே கிடந்த மூன்று மஞ்சள் முடிச்சுகளைக் காட்டினார். ஒன்று குணசீலம் பெருமாளுக்கு, மற்றொன்று ஏர்வாடி பாதுஷாவுக்கு, மூன்றாவது புளியம்பட்டி அந்தோணியாருக்கு. குணசீலத்துக்கு ஆண்டுதோறும் போய்வருகிறவர் என்பதால் அந்தத் துணி மட்டும் புதியதாக இருந்தது. மற்ற இரண்டும் 2000-ஆம் ஆண்டு ஆடி மாதம் என் பாட்டி 11 ரூபாய் வைத்து முடிந்தவை. சாயம் வெளுத்து, பூசை அறையில் பெருமாள் படத்துக்குப் பின்னால் 24 ஆண்டுகள் இருந்தவை. "கடன் வைத்துவிட்டுப் போகக் கூடாது கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மூடிக்கொண்டார்.

அந்த ஆடி மாதத்தை நான் நேரில் பார்த்தவன். மாமா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்த நிலையில், அத்தை உச்சி வெயிலில் கிணற்றடிக்குப் போய் நின்று, தனக்குச் சற்றும் ஒட்டாத ஓர் ஆண் குரலில் பீடி கேட்டார். பெற்ற பிள்ளைகளை யாரென்று கேட்டார். அந்தி சாய்ந்ததும் தலைமயிரை விரித்துப்போட்டு ஆடினார். காற்று கருப்பு என்றார்கள், முனி அடித்துவிட்டது என்றார்கள். வேப்பிலை அடித்தும், திருநீறு மந்திரித்தும், தாயத்துக் கட்டியும் குறையாததால், குறி சொல்லும் ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் உடுக்கை அடித்துக் கண்ணை மூடி, "வீட்டுக்கு வடக்கே இருக்கிற ஒருத்தி, குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறவள், காலடி மண்ணை எடுத்துச் செய்வினை வைத்திருக்கிறாள்" என்றார். வடக்கே இருந்தது அத்தையின் ஓரகத்தி வீடு. மறுநாள் அவரே வந்து வாசற்படிக்கு அடியில் தோண்டி, எழுத்துக் கீறிய செப்புத் தகடு ஒன்றையும், ஊசி குத்திய எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். அன்று அடைத்த இடைவழிக் கதவை அதன் பிறகு யாரும் திறக்கவில்லை. அத்தைக்கோ நோய் சிறிதும் குறையவில்லை.

குணசீலத்தின் பெருமை அங்கே போனால்தான் விளங்கும். திருச்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில், காவிரியின் வடகரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிறிய கோயில். குணசீல மகரிஷியின் தவத்துக்கு இரங்கித் திருமலை வேங்கடவன் இங்கே எழுந்தருளியதாகத் தலபுராணம் சொல்கிறது. முனிவர் காலத்துக்குப் பிறகு புற்று மூடிய திருமேனியை, பசுக்களின் பால் தானாக மறைவதைக் கண்டு ஞானவர்மன் என்னும் மன்னன் கண்டெடுத்தானாம். பிரசன்ன வேங்கடாசலபதி கையில் செங்கோல் ஏந்தி நிற்கிறார். தாயாருக்குத் தனிச் சந்நிதி இல்லை, திருமார்பிலேயே உறைகிறாள். மனம் பேதலித்தவர்களை ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், இங்கே தங்கவைப்பது நெடுநாளைய வழக்கம். உச்சிக்கால பூசையிலும் அர்த்தசாம பூசையிலும் அவர்களைச் சந்நிதிக்கு முன்னே நிறுத்தி, அர்ச்சகர் தீர்த்தத்தை முகத்தில் ஓங்கி அடிக்கிறார்.

அந்த 48 நாட்களில் நான் பள்ளி விடுமுறையை ஒட்டிப் பத்து நாட்கள் அங்கே இருந்தேன். முதல் வாரத்தில் தீர்த்தம் பட்டதும் அத்தை அலறுவார். மூன்றாவது வாரத்தில் சிலிர்த்துக்கொள்வதோடு நின்றது. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, குளித்து, பக்கத்தில் தங்கியிருந்த பெண்ணுக்கும் சேர்த்துத் தலை பின்னிவிட்டு வந்து வரிசையில் நின்றதாகப் பாட்டி சொன்னார். அங்கே யாரும் அவரிடம் "யார் வைத்தது?" என்று கேட்கவில்லை. அர்ச்சகர் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதான். ஊருக்குத் திரும்பிய பிறகு திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடமும் காட்டினோம். பெருமாள்தான் காப்பாற்றினார் என்பதில் அத்தைக்கு இன்றுவரை ஐயமில்லை; இரவு மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதும் இல்லை. இரண்டுக்கும் இடையே அவர் முரண்பாட்டைக் கண்டதே கிடையாது. இப்போது கோயிலின் பொறுப்பிலேயே முறையாக உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது என்பதைப் பார்க்கும்போது, அத்தையின் வழியைத்தான் கோயிலும் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

கோயிலில் தங்குவதால் மட்டும் எதாவது நடக்குமா என்று அறிஞர்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லாத அந்தக் கோயிலில் உறவினர் ஒருவரோடு தங்கி, சிறு சிறு வேலைகள் செய்து, பூசையில் கலந்துகொண்டதிலேயே நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்து மருத்துவமனைகளை மூடிவிடச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டி 48 நாட்கள் பாய் போட்டு உடன் படுத்திருந்தது வீண் இல்லை என்பதற்கு இது எனக்குப் போதும்.

இரவு திருச்சியில் தங்கி, மறுநாள் இராமநாதபுரம் வழியாக ஏர்வாடி போய்ச் சேர்ந்தோம். மதீனாவிலிருந்து 12-ஆம் நூற்றாண்டில் வந்ததாகச் சொல்லப்படும் சுல்தான் சையது இபுராஹீம் ஷஹீத் பாதுஷா அடங்கியிருக்கும் தர்கா அது. பூக்கடைகளில் மல்லிகைச் சரமும் சாம்பிராணியும் சீனிப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு நுழைந்தவர்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். அடக்கத்தலத்துக்கு அருகில் அத்தை முந்தானையைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, பாட்டி முடிந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, 11 ரூபாயை உண்டியலில் போட்டார். உள்ளே இருந்த பெரியவர் ஓதி, மயிலிறகால் தலையைத் தடவி, விளக்கில் இருந்த எண்ணெயைக் கொஞ்சம் கையில் ஊற்றினார். இங்கே தங்குகிறவர்கள் 48 நாட்கள் என்று எண்ணுவதில்லை. பாதுஷா கனவில் வந்து உத்தரவு கொடுக்கும்வரை காத்திருக்கிறார்கள். அந்த உத்தரவுக்காக மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கியிருந்திருக்கிறார்கள்.

காத்திருந்தவர்களை நம்பித்தான் ஒரு காலத்தில் இந்த ஊரில் தனியார் காப்பகங்கள் பெருகின. 2000-இல் எங்கள் வீட்டிலும் ஏர்வாடியா குணசீலமா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. தரகர் ஒருவர் வந்து, மாதம் இவ்வளவு கொடுத்தால் போதும், யாரும் உடன் தங்க வேண்டியதில்லை என்று சொன்னதைக் கேட்டு, "யாரும் தங்க வேண்டாம் என்றால் நான் எதற்கு இருக்கிறேன்?" என்று பாட்டி அவரை அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. இப்போது தர்காவுக்கு வருகிறவர்களை அரசு மனநல மருத்துவர்களும் பார்க்கிறார்கள். துஆ என்னும் வேண்டுதலும் மருந்தும் அருகருகே கிடைக்கின்றன. அந்தத் தீ விபத்தின் படத்தை நாளிதழில் பார்த்த அன்று அத்தை சாப்பிடவில்லை. ஏர்வாடி முடிச்சை அவர் ஏன் இத்தனை ஆண்டுகள் தொடவில்லை என்று நான் கேட்டதுமில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அன்றிரவு தர்காவுக்கு அருகில் தங்கிய விடுதி வராந்தாவில், கடற்காற்றில் அமர்ந்திருந்தபோது, அத்தை தானாகவே சொன்னார்: "அந்தத் தகட்டை அவன் இடுப்பில் இருந்து எடுத்துக் குழிக்குள் போட்டதை நான் பார்த்தேன் கண்ணு. எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் சொன்னேன். பேய் பேசுகிறது என்று வாயை அடைத்துவிட்டார்கள்." குணமான பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "குணமான பிறகு சொன்னால், மறுபடியும் தொடங்கிவிட்டது என்பார்களே" என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது நோயாளியின் மேல் உள்ள குற்றம் நீங்கிவிடுகிறது; பீடி கேட்டது அத்தை இல்லை, பிள்ளையைத் தள்ளியது அத்தை இல்லை, எவனோ ஒருவன். அதில் ஒரு கருணை இருக்கிறது. பேய்க்குக் கோயிலும், தர்காவும், மாதா கோயிலும் உண்டு. செய்வினை என்று சொல்லும்போதோ அந்தக் குற்றம் கரைவதில்லை. பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முடிச்சுகளில் ஊதும் பெண்களின் தீங்கிலிருந்து காவல் தேடும் வசனம் குர்ஆனின் 113-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் அது இறைவனிடம் அடைக்கலம் தேடும் துஆ, எவளையும் விரல் நீட்டிக் காட்டும் வசனம் அன்று. விரல் நீட்டுகிற வேலையை மனிதர்களே செய்கிறார்கள். வட மாநிலங்களில் அப்படிச் சுட்டப்பட்ட பெண்கள் அடித்துக் கொல்லப்பட்டதனால்தான் பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. எங்கள் ஊரில் கொலை இல்லை. ஒரு கதவை அடைத்தோம், அவ்வளவுதான் என்று இத்தனை நாள் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நோய் ஒன்றாக இருக்க, காரணம் வேறொன்றாகச் சொல்லப்படுவது நமக்குப் புதிதும் அன்று. நற்றிணையின் 34-ஆம் பாட்டில், காதலால் மெலிந்த பெண்ணை முருகன் பிடித்து வருத்துவதாகக் கருதித் தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, வெறியாட்டு என்னும் சாமியாட்டம் ஆடச் செய்கிறாள். உண்மை தெரிந்த தோழி வேலனைக் கூட விட்டுவிட்டு, அழைத்தவுடன் வந்து நின்ற முருகனையே பார்த்து, நீ கடவுளானாலும் அறியாமை உடையவன் என்று சொல்கிறாள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல ஒரு தோழி இல்லை. உண்மை தெரிந்த ஒருத்தி இருந்தாள், அவள்தான் நோயாளி.

சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி போய், செவ்வாய்க்கிழமை காலை புளியம்பட்டி சேர்ந்தோம். அந்தோணியாருக்கு உகந்த கிழமை என்பதால் கூட்டம் நெரிந்தது. லிஸ்பனில் பிறந்து 1231-இல் இத்தாலியின் பதுவை நகரருகே இறந்த ஒரு துறவி, தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டில் உப்பும் மிளகும் காணிக்கையாக வாங்கிக்கொண்டு, மொட்டை போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நடுவே நிற்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுரூபத்துக்கு முன்னால் ஓர் இளம்பெண் தலைவிரித்துச் சுழன்றாடினாள். அவளுடைய தாய் இடுப்பைப் பிடித்தபடி கூடவே சுழன்றாள். நான் பார்த்தவரையில் எந்தக் குருவானவரும் அவளை நெருங்கி எதையும் ஓட்டவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் பேயோட்டும் சடங்கைச் செய்யக் கூடாது என்பது சட்டம். 1614-இல் வகுத்த சடங்கு முறையை 1999-இல் திருத்தியபோது, மருத்துவ அறிவையும் கலந்துகொள்ள வேண்டும் என்பதை வற்புறுத்தினார்கள். ஆகவே அவள் ஆடுவது அவளுக்கும் அந்தோணியாருக்கும் இடையில் உள்ள வழக்காகவே நடந்தது. களைத்து விழுந்ததும் அத்தை போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டார். பிறகு கடைசி முடிச்சை அவிழ்த்தார்.

ஊர் திரும்பியது புதன்கிழமை மாலை. அத்தை தன் வீட்டு வாசலில் பையை இறக்கவில்லை. நேராக வடக்கே நடந்தார். ஓரகத்தி திண்ணையில் முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. அத்தை திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து, குணசீலம் தீர்த்தப் புட்டியையும் ஏர்வாடிச் சீனியையும் புளியம்பட்டி உப்பு மிளகையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு, "அக்கா, அந்தத் தகட்டை அவன்தான் இடுப்பில் கொண்டுவந்தான். நான் பார்த்தேன்" என்றார்.

முறம் நின்றது. "இதைச் சொல்ல உனக்கு இருபத்து நாலு வருஷம் ஆயிற்றா?" என்று கேட்டார் அவர். அத்தை பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, அவர் சீனிப் பொட்டலத்தை மட்டும் விரலால் திருப்பித் தள்ளினார். "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இது வேண்டாம். தீர்த்தத்தை ஊற்று" என்று உள்ளங்கையை நீட்டினார்.