கேழ்வரகுக் கஞ்சியும் என் சர்க்கரையும்

சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து காலை இட்லியை விட்டுவிட்டுப் பெரிய டம்ளர் நிறையக் கேழ்வரகுக் கஞ்சி குடித்து வந்தேன். அது சர்க்கரையை ஏற்றாது என்று வீட்டில் அனைவரும் நம்பினோம். சென்ற மாதம், குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது குளுக்கோமீட்டர் 238 காட்டியது. விரலில் இனிப்பு ஏதும் ஒட்டியிருக்குமோ என்று சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தேன், 231.

கேழ்வரகிலும் அரிசியைப் போலவே பெரும்பகுதி மாவுச்சத்துதான் என்றும், அதை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் மெல்லும் வேலைகூட இல்லாமல் விரைவில் செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்றும் மருத்துவர் விளக்கினார். இப்போது அதே மாவில் முருங்கைக்கீரை சேர்த்துத் தட்டிய இரண்டு அடையும், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் சாப்பிடுகிறேன். நேற்று 162.

இடையில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நானே பாதியாகக் குறைத்திருந்ததையும் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை) மருத்துவரிடம் ஒப்புக்கொண்டேன். ஒருநாள் பட்டினி கிடந்து பரிசோதனைக்குப் போனால் அன்றைய அளவு குறையலாம். ஆனால் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது; அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அது கடந்த மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறது. எனக்கு 8.4 சதவீதம் வந்தது, 7-க்குக் கீழே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். விழித்திரைப் பரிசோதனையை இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டிருந்தேன், வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.